ரோதை முனியின் பேரில் அடித்த கற்பூரம்

பயந்து ஓடினான் என்று யார் சொன்னது? காளியாயிதானே? தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அவள் பேசுவது என் காதுக்கு வராமலா போகும்? "பெரிய இந்துத் தலைவராம் செல்லசாமி! கஸ்பரோட ஆளுகளுக்குப் பயந்து தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஓடிட்டான்" என்கிறாள். அவன் என் தம்பி. அவன் வாசலைத் தாண்டியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவளா நின்றாள்?

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தேன். மூக்கனுக்குக் கழுத்தை நீட்டும்போதே, "தம்பி என்னோடதான் இருப்பான்" என்று சொல்லித்தான் நீட்டினேன். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரே காம்பரா, அந்த ஒரே அறைக்குள் ஒரே அடுப்பு. எல்லோரும் அதற்குள்ளேதான்.

தம்பிக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில் வேலை, கொழுந்து அரைக்கும் ரோதை இயந்திரத்தில். அந்த ரோதைப் பக்கத்தில் ஒரு கல் உண்டு. அதுதான் ரோதை முனி. ரோதை யாருடைய கையையும் பிடித்து இழுத்துவிடாமல் காவல் காக்கும் சாமி. காலையில் அதற்குச் சூடம் காட்டாமல் எவனும் ரோதையைத் தொட மாட்டான்.

எங்களுக்கு ஓட்டும் கிடையாது, நாடும் கிடையாது என்று சட்டம் போட்ட காலத்தில்தான் அவன் இந்து வாலிபர் சங்கம் தொடங்கினான். வெள்ளிக்கிழமை பஜனை, காவிக் கொடி, றொசல்ல ஊர் வரைக்கும் போய்ப் பேச்சு. "ஓட்டப் புடுங்கிட்டாங்க. நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது நம்ம தாத்தாமாரு பாரத தேசத்துலருந்து தலையில சொமந்துகிட்டு வந்த சாமி ஒன்னுதான். அதையும் விட்டுட்டா நம்ம யாருன்னு சொல்ல என்னா இருக்கு?" என்பான். கேட்டவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானும் கடித்தேன். எங்களை அப்படி ஆக்கியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவர்களானவர்களையும் திருப்பிக் கூட்டிவர வேண்டும் என்பான். பக்கத்துக் காம்பரா கஸ்பரிடமே போய், "திரும்பி வந்துருண்ணே" என்றான். "நான் எங்கடா போனேன்? சொவத்துக்கு அந்தாண்டதானே இருக்கேன். நீ கொறட்ட விடுறதுல தூங்க முடியல" என்றான் கஸ்பர். லயமே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை.

பிறகு புது ரோதை வந்தது. அதைப் பொருத்துவதற்காக ஸ்டோரை மூடினார்கள். திறந்தபோது முனியின் கல் இல்லை. அந்த நாட்களில் ஸ்டோருக்கு இரவுக் காவல் கஸ்பர். தம்பி சந்தேகப்பட அது போதாதா?

"நான் ராத்திரிக்குத்தான் காவல் இருந்தேன். பகல்ல ஸ்டோருக்கே அதிகாரி டீமேக்கர் ஐயாதானே ஆள் வச்சு வேலை பாத்தாரு? அவரக் கேளு" என்றான் கஸ்பர்.

"நெத்தி நெறைய திருநீறு பூசுறவரப் பாத்து விரல நீட்டுறியா? நம்ம திருவிழாவுக்குப் பரிவட்டம் கட்டிக்கிட்டு முன்னாடி நிக்கிறவருடா அவரு!" என்று எகிறினான் தம்பி.

திருநீற்றைப் பார்த்து ஆளை எடைபோட்டான் என் தம்பி. அவன் செய்த தப்பு அதுதான், வேறு இல்லை.

மாரியம்மன் கோயில் முன்னால் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "முனியக் கை வச்சு எடுத்தவன் எவனா இருந்தாலும் அவன விட மாட்டேன். அவனுக்குத் தண்ணியில்ல, நெருப்பில்ல, பொணந்தூக்க ஆளில்ல. அவன் இருக்கிற காம்பராவுல நான் சோறு திங்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். பீலியில் கஸ்பர் வீட்டுக் குடம் கடைசிக் குடம் ஆனது. கஸ்பரின் தாய் இராசம்மா கண்ணை மூடியபோது பாடை தூக்க ஒருவனும் போகக்கூடாது என்று கட்டளை போட்டான். எனக்குப் பேறுகாலம் பார்த்தவள் இராசம்மா. நான் போனேன். தம்பி வாசலில் நின்று முறைத்தான். முறைத்தால் முறைக்கட்டும் என்று போய், அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டுத்தான் வந்தேன். உறவுக்காரர்கள் வட்டவளையிலிருந்து வந்து தூக்கும்வரை பிணம் கிடந்தது. கஸ்பர் அழவில்லை. எங்கள் வாசலைப் பார்த்து, "இதுக்கு ஒரு நாள் பதில் சொல்லுவ செல்லசாமி" என்றான்.

வருசங்கள் போயின. டீமேக்கர் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிப் போனார். மேளத்தோடு வழியனுப்பியவனும் என் தம்பிதான்.

இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, எங்களில் பாதிப் பேர் பாரத தேசத்துக்கே கப்பலேற வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, போவதற்குள் முனிக்குப் புதுக் கல் வைக்க வேண்டும் என்றான். வைப்பதற்கு முன்னால், கல் காணாமல்போன சமயத்தில் ஸ்டோரில் இருந்தவர்கள் எல்லோரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றான். எனக்குப் புரிந்தது.

"கஸ்பர் கைய நீட்ட மாட்டான்க்கா. ஊரே பாக்கும். அப்புறம் இருக்கு அவனுக்கு."

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆளெல்லாம் கூடி நின்றார்கள். முதலில் கஸ்பரைத்தான் கூப்பிட்டான். கஸ்பர் வந்து, "எங்க சாமியாரு கேட்டா திட்டுவாரு. பரவால்ல" என்றபடி எரிகிற சூடத்தை ஓங்கி அடித்தான். "நான் எடுக்கல" என்றான். கரிபட்ட உள்ளங்கையைத் தம்பியின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு நகர்ந்து நின்றான்.

ஒவ்வொருவராக அடித்தார்கள். அப்போது ஸ்டோரில் பகல் வேலைக்குப் போயிருந்த என் புருசன் முறை வந்தது. மூக்கன் கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

"அடி மச்சான்" என்றான் தம்பி.

"எடஞ்சலா இருக்குன்னு டீமேக்கர்தான் எடுக்கச் சொன்னாரு. புது ரோதைக்கு அத்திவாரம் வெட்டின குழியில உருட்டிவிடச் சொன்னாரு. மறுத்தா வேலையிலருந்து பேர வெட்டிருவேன்னாரு. வெளிய சொன்னா ஒம் மச்சான் பேரையும் சேத்து வெட்டுவேன்னாரு."

தம்பி நின்று வேலை செய்த ரோதைக்கு அடியிலேயே முனி கிடந்திருக்கிறது. அதன் மேலே நின்றுகொண்டுதான் அவன் இத்தனை காலம் கஸ்பரைச் சபித்திருக்கிறான். அந்த டீமேக்கருக்கு நான் கொடுத்த சாபம் சும்மா போகாது. மூக்கனுக்கும் அன்றிலிருந்து சோறு மட்டும்தான் போட்டேன், பேச்சுப் போடவில்லை.

மறுநாள் காலையில் தம்பி சாக்கில் வேட்டியைத் திணித்தான். கஞ்சி ஊற்றி வைத்தேன், தொடவில்லை.

"கோவத்துல சொன்ன சத்தியம்டா. மாத்திக்க."

"கஸ்பருக்கு ஒரு சத்தியம், மச்சானுக்கு ஒரு சத்தியமாக்கா?"

"அப்ப அவனப் போகச் சொல்றேன். நீ இரு."

"ஒம் புள்ளைகளுக்கு அப்பன்க்கா அவரு. காம்பராவும் அவரு பேருல இருக்கு."

"எங்கடா போவ?"

"வட்டகொடைக்கு. அந்த ஆளு ஸ்டோர் வாசல்ல போயி ஒக்காருவேன். எங்க சாமிய எங்க பொதச்சீங்கன்னு தெனம் சத்தம் போட்டுக் கேப்பேன். அந்தத் தோட்டமே கேக்கட்டும். அந்த நெத்தியில திருநீறு நிக்கக்கூடாது."

வெளியே கஸ்பர் நின்றிருந்தான். "எங்கம்மாவத் தூக்க ஆளில்லாமப் பண்ணியே, இன்னிக்கு ஒஞ் சாக்கத் தூக்கிவிட ஆளிருக்கா?" என்றான். அது அவன் பாக்கி. கேட்கட்டும் என்று விட்டேன். தம்பி உள்ளே நின்று முழுவதையும் கேட்டான். பிறகு சாக்கைத் தானே தோளில் ஏற்றினான்.

லயத்துக் கதவு குட்டை. என் தம்பி நெட்டை. வளர்ந்த நாளிலிருந்து குனிந்துதான் அந்த வாசலைத் தாண்டுவான். அன்றைக்கும் அப்படித்தான் தாண்டினான். காளியாயி பார்த்தது அந்தக் குனிவை மட்டும்தான். வெளியே போய் அவன் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.