குணசேகரன் அண்ணனின் அலமாரி ஆட்டக்காரர்கள்

செய்தி வந்தபோது கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள என் ஜெராக்ஸ் கடையில் ஒருவருக்குக் கிரயப் பத்திரம் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். குணசேகரன் அண்ணனின் மனைவி மல்லிகா அண்ணிதான் பேசினார். "காலையில நெஞ்சு வலின்னாரு. பூட்டாரு தம்பி." சரி அண்ணி என்றேன். மீதிப் பக்கங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் எடைமேடை குணசேகரன். எங்கள் பழக்கம் வேறு. பழைய பிளாஸ்டிக் விளையாட்டு வீரர் பொம்மைகளை இருவரும் தேடித் தேடிச் சேர்த்தோம். சாயம் உதிர்ந்த ஒரு மட்டையாளருக்கு வெள்ளை அடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம்பா. தேஞ்ச எடத்துலதான் கொழந்த கை பட்டுக்கினு இருந்துது. அத்தப் போய் மூடுவியா?" என்றார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டில், அவர் பல வருடம் தேடிய கால்பந்து வீரன் பொம்மை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அந்த வீட்டு அம்மா எடுத்து வந்து காட்டினார். "எம் புள்ளையோடது. அவன் இப்ப இல்ல. பாருங்க, குடுக்க மாட்டேன்."

அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

மலை இறங்கும் பேருந்தில், "கெடைக்கலியேண்ணா" என்றேன்.

"அதான் பாத்துட்டன்ல."

அடுத்த வருடமும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அவருடைய பொம்மை அலமாரியைத் திறந்தார். "இத்தினி வருஷம் தூசி தொடச்சிக்கினு இருந்தேன். இன்னான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நீ சொல்லு தம்பி."

சொன்னேன். முதலில் வந்தவை கெட்டி பிளாஸ்டிக். கையால் சாயம் தீட்டியதால் ஒரு முகம்போல் இன்னொன்று இருக்காது. பிறகு, பாலில் கலக்கும் பவுடர் டப்பாவோடு இலவசமாக வந்தவை. உடம்பு முழுக்க ஒரே நிறம். அப்புறம் திருவிழாக் கடைப் பொம்மைகள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு, விலாவில் இரண்டு பாதியையும் ஒட்டிய கோடு தெரியும். பிள்ளைகள் விளையாடித் தொலைத்ததுபோக மிஞ்சியதைத்தான், அவர்களே வளர்ந்த பிறகு தேட ஆரம்பித்தார்கள்.

அண்ணி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "அவரு உங்கிட்ட இப்புடித்தான் பேசிக்கினு இருப்பாரா?"

"ஆமாண்ணி."

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அண்ணி எவ்வளவோ சொல்லியும் பொம்மை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று நான் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையதல்ல. எல்லாம் அவர் பேசியவை. அவைதான் என்னிடம் இருக்கின்றன. உங்களில் யாராவது கேட்டால் சொல்கிறேன்.