ஜெபஷீலா கேட்ட கேள்வி

தேனி பஜாரில் ஜெபஷீலாவின் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு. அப்பாவின் பாத்திரக் கடையில் நின்று பேசிப் பழகிய குரல். சண்டைக்கு வந்தவர்கூட அவள் வாய் நிறைய விசாரித்தால் தணிந்து போய்விடுவார். கல்யாணம் முறிந்து அல்லிநகரத்தில் தனியாகக் குடியேறிய பிறகு அந்தக் குரலை வைத்துத்தான் பிழைப்பு. யார் கணக்கெடுப்பு நடத்தினாலும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

சிறைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உள்ளே கிடக்கிற ஆண்களிடம் யாராவது பாலியல் வன்முறை செய்கிறார்களா என்று கணக்கெடுக்க வேண்டும். நேரில் கேட்டால் எவன் வாயைத் திறப்பான்? அதனால் ஒரு டேப்லெட், ஒரு ஹெட்போன். கேள்வி காதில் மட்டும் விழும். பதிலைத் திரையில் தொட்டால் போதும். பேர் கிடையாது, நம்பர் கிடையாது. எவன் என்ன சொன்னான் என்பது ஆண்டவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று கணக்கெடுப்பை நடத்திய பேராசிரியர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவர் எழுதி அனுப்பிய கேள்விகள் கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தன. இது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளங்காது, நானே பேசித் தருகிறேன் என்று ஜெபஷீலாதான் அடம்பிடித்தாள். கூடப்பிறந்த தம்பியிடம் விசாரிக்கிற பேச்சில் பதிவு செய்தாள். பேராசிரியரின் கல்லூரியில் வைத்துச் சோதித்தபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் தொட்டுவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் திருப்தி.

சிறையில் முதல் ஆளாக ஈஸ்வரபாண்டி வந்து உட்கார்ந்தான். ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவன். வரப்புத் தகராறில் உள்ளே வந்து, ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறான். ஜெபஷீலா ஹெட்போனை மாட்டிவிட்டு, விதிப்படி திரை தெரியாத மூலைக்குப் போய் நின்றாள். வெளியே வராந்தாவில் மற்றவர்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் கேட்டால் வாயால் பதில் சொல்லி வளர்ந்தவன் அவன். ஒரு அக்கா இத்தனை வாஞ்சையாக விசாரிக்கும்போது, பேசாமல் விரலை நீட்டுவது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். காதும் அடைத்திருந்தது. தன் சத்தம் தனக்கே கேட்காமல், தோட்டத்தின் மறுகோடியில் நிற்பவரிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"ஆமாக்கா. ரெண்டு பேரு. எங்க ரூம்லயேதான் இருக்காக."

வராந்தாவில் பேச்சு நின்றது. ஜெபஷீலா ஓடிவந்து தோளைத் தொட்டாள். கைபட்டதும் அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். பாழாய்ப்போன என் குரலால்தானே என்று அப்போதே அவள் நெஞ்சில் தைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து போனார்கள். ஈஸ்வரபாண்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று சிறை அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே என்று அவர் சிரித்தார். சாயங்காலம் பேராசிரியர் போனில் வந்தார். ஒரு "ஆமாம்" கூட விழவில்லையாம். ஒரே ஒருவர் எதையுமே தொடவில்லையாம். அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம். அவள் நடந்ததைச் சொன்னாள். காதால் கேட்டதைக் கணக்கில் ஏற்ற முடியாதும்மா என்றார் அவர்.

மறுநாள் காலை கணக்கெடுப்பு நடக்கிற அறையைக் கூட்ட ஈஸ்வரபாண்டியை அனுப்பியிருந்தார்கள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. அவள் கேட்பதற்கு முன்பே, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு விளக்குமாற்றைப் பிடித்தபடி பக்கத்தில் வந்தான்.

"அக்கா, நேத்து நான் சொன்னத மெஷின்லருந்து அழிச்சிருங்க. அழிச்சாச்சுன்னு தெரிஞ்சாத்தான் அவுக என்னய விடுவாக."

பொய் சொல்ல அவளுக்கு நா வரவில்லை.

"அதுல ஒண்ணுமே இல்லய்யா. நீ வாயாலதான சொன்ன, தொடலயே."

அவன் டேப்லெட்டைக் கையால் காட்டினான்.

"ஜெயிலுக்கே கேட்டுருச்சு. அதுக்கு மட்டும் கேக்கலயாக்கா?"

வாசலில் வார்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.