மேலே திருப்பி வைத்த குமிழ்

அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்த புதிதில், குளிக்கும் தொட்டிக்குள் குத்தவைத்து உட்கார்ந்துதான் குளித்தேன். தலைக்கு மேலே ஷவர் இருந்தது. தண்ணீரோ கீழ்க்குழாயில்தான் வந்தது. குழாயின் மூக்கில் இருக்கும் சின்னக் குமிழை இழுத்தால் கீழ்வழி அடைபட்டுத் தண்ணீர் ஷவருக்கு ஏறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஊரில் இருந்து படிப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போல் வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஒரு வாளி வாங்கிக் குழாயடியில் வைத்தேன். வீட்டுக்கார அம்மாள், போலந்துக்காரி, அதைப் பார்த்துக் குழாய் ஒழுகுகிறதாக்கும் என்று பிளம்பரை அனுப்பிவிட்டாள். அவன் ஒரு விரலால் குமிழை இழுத்துக் காட்டிவிட்டு, ஒழுகல் எங்கே என்று கேட்டான். "வாளி, குளிக்க" என்றேன். புரியாமல் வாளியையே பார்த்துவிட்டுப் போனான். குமிழின் வித்தை தெரிந்த பிறகும் நான் வாளியை விடவில்லை.

டெலிபோனில் இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாயின் குழாய்ச் சாமான் கடைக்கு பஸ் ஏறிப் போய், ஷவரும், தண்ணீரை மேலே ஷவருக்கோ கீழே குழாய்க்கோ மாற்றும் திருகு குமிழும் வாங்கி, ராஜபாளையம் வீட்டுக் குளியலறைச் சுவரில் பதிக்க வைத்துவிட்டார். நகராட்சித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில் ஷவர்!

"நீ வந்தா அங்கன மாதிரியே நின்னு குளிக்கலாம்ல. குமிழை மேல திருப்பி வச்சிருக்கேன். எப்ப வாரே?"

என் விசாத் தாள்கள் பாதியில் கிடந்தன. நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள். அவர் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருசம்ப்பா" என்றேன்.

ஒரு நாள் விடியற்காலை, காபி ஆறுவதற்குள் அக்கா வீட்டுக்காரர் ஊரிலிருந்து பேசினார். "மாப்ளே, மாமா போயிட்டாவ. இன்னைக்கே எடுத்துருவோம். நீ அங்கனயே தலை முழுகிரு."

கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். எனக்கென்று மிஞ்சிய ஒரே காரியம் குளிப்பது. கட்டிய துணியோடு தொட்டியில் நின்று குமிழை இழுத்தேன். வெந்நீர் கொட்டியது. அழுகை வரவில்லை. சாவுக்குக் குளிப்பவன் வெந்நீரிலா குளிப்பான் என்று ஒரு அற்பக் கோபம்தான் வந்தது.

தாள்கள் கைக்கு வந்து ஊருக்குப் போனபோது முதல் திதியே முடிந்திருந்தது. குளியலறையில் குமிழ் மேல்பக்கமே திரும்பியிருந்தது. அம்மா கொல்லைத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு வந்து குளிக்கிறாள். கீழே திருப்பினால் குழாயிலேயே வருமே என்றேன்.

"அவிய உனக்குன்னு திருப்பி வச்சது. நான் எதுக்குத் தொடணும்?"

கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்தேன். மொட்டைமாடித் தொட்டி ஷவரைவிடக் கொஞ்சம்தான் உயரம். அப்பா ஒரு நாளாவது திறந்து பார்த்தாரோ என்னவோ. சொட்டுச் சொட்டாக விழுந்தது. குமிழைக் கீழே திருப்பினால் வாளி நிறைந்துவிடும். கை அதுவரை போனது; திருப்ப மனம் வரவில்லை.

"தண்ணி வருதாய்யா?" வெளியிலிருந்து அம்மா.

"வருதும்மா. நல்லா வருது."

அங்கே வாளி வைத்துக் குளிப்பவன் இங்கே ஷவருக்கு அடியில் நின்றேன். தலை நனைய வெகுநேரம் ஆயிற்று.