புக்கிட் குத்துவில் இரண்டு பாதைகள்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தால் இருபது நிமிடம் ஆகும். நானும் என் மனைவி ராஜமும் பதினெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ரயில்வே அலுவலகத்தில் எனக்குக் கால அட்டவணைப் பிரிவில் வேலை. எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று ஆறு வருஷமாக எழுதுகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை.

சும்மா இருந்தவனுக்கு மலையேறும் ஆசை எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆசை இல்லை, பயம். ராஜம் ஏற்காட்டுக்காரி. அவள் அப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கர். கல்யாணமாகி அவள் மலாயாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுடைய அண்ணன் கிள்ளானில் ரப்பர் கிட்டங்கியில் இருக்கிறார். அடுத்த மாதக் கப்பலில் ஊருக்குப் போகிறார். "அண்ணனோட நானும் போறேன். இந்த வெக்கையில என்னால இருக்க முடியலைங்க" என்று போன வாரம் சொல்லிவிட்டாள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். அவள் பாய் விரிக்கப் போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் இல்லாத அந்த இரண்டு அறை வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கெஞ்சுவது என் பழக்கம் இல்லை. இந்த நாட்டிலும் குளிர்ந்த மலை உண்டு என்று காட்டிவிட்டால் போதும், மனசு மாறிவிடுவாள் என்று முடிவு செய்தேன்.

மலையைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று நாள் போயிற்று. பத்துமலைக்கு ரயில் போகிறது. ஆனால் அங்கே படி ஏறிக் குகைக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதுதான். படியேறுவதை மலையேறுவது என்று ஏற்காட்டுக்காரியிடம் சொன்னால் சிரிப்பாள். பெந்தோங் சாலையில் இருக்கும் கெந்திங் சிம்பா கணவாய் குளிர்ச்சியான இடந்தான், ஆனால் உச்சி வரைக்கும் மோட்டார் சாலை. கடைசியில் கோலகுபுவுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் குத்துவைப் பிடித்தேன். உயரம் சுமார் மூவாயிரத்து நானூறு அடி. உச்சியில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கும் பங்களா உண்டு. எல்லாவற்றையும்விட, என் ரயில்வே பாஸ் கோலகுபு வரைக்கும் செல்லும். பாஸ் செல்லும் இடத்துக்குத்தான் ரயில்வேக்காரனுக்கு ஆசையும் செல்லும்.

மலாய் மொழியில் புக்கிட் என்றால் மலை, குத்து என்றால் பேன். "பேன் மலைக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ராஜம் கேட்டாள். அதோடு சரி. நான் ஒரு தாளில் மலைக்கும் ஒரு கால அட்டவணை எழுதினேன். அடிவாரம் 8.40. குறுக்குப் பாதை மூன்று மைல், மணிக்கு ஒன்றரை மைல் வீதம் இரண்டு மணி நேரம். நடுவில் தண்ணீர் குடிக்கப் பத்து நிமிடம். உச்சி 10.50. அவளிடம் காட்டினேன், பார்த்தாள், திருப்பித் தந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலை 7.50. முப்பத்தெட்டு மைல் கடந்து கோலகுபு ஸ்டேஷனில் இறங்கினோம். வெளியே வாடகை மோட்டார் வைத்திருந்தவர் முத்தையா என்ற தமிழர். அடிவாரத்துக்குப் போய்வர மூன்று வெள்ளி கேட்டார், இரண்டரைக்கு ஒப்புக்கொண்டார்.

"எந்தப் பாதைல ஏறப் போறீங்க அண்ணே? குதிரைப் பாதையா, குறுக்குப் பாதையா?" என்று வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"குறுக்குப் பாதைதான். மூணு மைலு. குதிரைப் பாதைன்னா ஆறு மைலு ஆச்சே."

"மூணு மைலுதான் லா. ஆனா அது நிமிர்ந்து நிக்கிற மூணு மைலு. ரோத்தான் வெட்டறவங்கதான் அதுல போவாங்க. போன வாரம் மழை வேற."

ரோத்தான் என்றால் பிரம்பு. பிரம்பு வெட்டுகிறவன் சுமையோடு இறங்கும் பாதையில் வெறுங்கையோடு நான் ஏறமாட்டேனா என்று நினைத்துக்கொண்டேன். பின் இருக்கையிலிருந்து ராஜம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு வந்து நிற்பதாகச் சொல்லி முத்தையா போய்விட்டார்.

8.40 சரியாக. குறுக்குப் பாதையில் கால் வைத்தோம். முதல் அரை மணி நேரம் நான் முன்னால் நடந்தேன், பேசிக்கொண்டும் நடந்தேன். பிறகு பேச்சு நின்றது. பாதை ஏணிபோல எழும்பியது. வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. காலுறைக்குள் ஏதோ ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். அட்டைகள், எண்ணிப் பதினொன்று. ராஜம் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் காலில் ஒற்றினாள். உப்பும் புகையிலைத் தூளும் கலந்த முடிச்சு. அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"இது எப்பக் கட்டின?"

"காத்தாலயே. அட்டை இல்லாத மலை எங்க இருக்கு?"

ஒன்பதரை மணிக்குப் பாதையே இல்லை. மழையில் சரிந்த மண் ஒரு சுவர் அளவுக்குக் கிடந்தது. இரண்டு மரங்கள் அதன்மேல் தலைகீழாகச் சாய்ந்திருந்தன. சுற்றிப் போகலாம் என்று நான் ஒரு பக்கம் காலை வைத்தேன், முழங்கால் வரை புதைந்தது. அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

10.15. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தோம். தாளை எடுத்துப் பார்த்தேன். உச்சிக்குப் போய்ச் சேர இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருப்பதாக அது சொல்லிற்று. மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் கப்பலேறி விடுவாள், மலையும் கைவிட்டுவிட்டது என்று எனக்கு அழுகை வராத குறை. அந்த நிலையில்தான் கேட்டேன்.

"ராஜம், எந்த வழியா போகலாம்?"

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு பாதைகளையும் பார்த்தாள். "ரயிலு எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருபதுக்கு. நாலுக்குக் கீழ நிக்கணும்."

"அப்போ குதிரைப் பாதை. குதிரைக்குன்னு வெட்டின பாதைல மனுசனுக்கு மூச்சு முட்டாது. ஒரு மணிக்கு எங்க நிக்கிறமோ அங்கருந்து திரும்பிரணும். உச்சி எங்கயும் ஓடிப் போயிராது."

இப்போது அவள் முன்னால் நடந்தாள். சின்னச் சின்ன அடி, ஒரே வேகம், நிற்பதே இல்லை. இந்த நடைக்கு ஆமை தேவலை என்று சீண்டினேன். அடுத்த வளைவில் நான்தான் இடுப்பில் கைவைத்து நின்றேன். பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறியது. பதினொன்றரைக்குக் காற்று மாறியது. பன்னிரண்டரைக்கு அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். மலாயாவுக்கு வந்தபின் அவள் குளிருக்குப் போர்த்தியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு ராஜ்யத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

பகல் ஒரு மணி. மேலேயிருந்து கூடையோடு இறங்கி வந்த மலாய்க்காரர் பங்களாவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் என்றார். "வேகமா நடந்தா ஒரு மணி நேரந்தான்" என்று நான் ஆரம்பித்தேன். ராஜம் அதற்குள் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். புளியோதரையும் எலுமிச்சை ஊறுகாயும். நானும் உட்கார்ந்தேன். கீழே ரப்பர் தோட்டங்களும், ஈயச் சுரங்கத்துக் குட்டைகளும், அவற்றின் நடுவே நாங்கள் வந்த ரயில் தடமும் தெரிந்தன. மேகம் ஒன்று வந்து எல்லாவற்றையும் மூடியது, விலகியது, மறுபடி மூடியது. புக்கிட் குத்துவின் உச்சியை நான் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் வேறு யாரையாவது நாட வேண்டும்.

3.50க்கு அடிவாரம். முத்தையா சொன்னபடி வந்து நின்றார். "உச்சி வரைக்கும் போனீங்களா அக்கா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் ராஜம், சந்தோஷமாக.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஐந்து மணிக்குச் சூடு குறையவில்லை. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "மலை எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்குங்க. எங்க மலை இன்னும் ஒசரம்."

"அப்போ அண்ணனோட போறியா?"

அவள் சேலை விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "வெக்கைய எல்லாரும் தாங்குறாங்க, நான் தாங்கமாட்டனா? வீடு நீங்க பாத்தது. பாத்திரம் நீங்க வாங்குனது. என்னிக்குக் கோயிலுக்குப் போறது, எத்தனை மணிக்கு வெளக்கு அணைக்கிறதுன்னு எல்லாம் நீங்க சொன்னது. எந்த வழின்னு இன்னிக்குத்தான் என்னைக் கேட்டீங்க."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்குத் தெரியாததாலதான் கேட்டேன் ராஜம்."

"தெரியும். தெரிஞ்சிருக்கும்போதும் கேளுங்க."

கையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, "அடுத்த மாசம் கிள்ளானுக்குப் போயி அண்ணனைக் கப்பலேத்தி விட்டுட்டு வருவோம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்கவில்லை.

வண்டி வந்தது. மூன்றாம் வகுப்பில் இரண்டு பெட்டிகள் காலியாக இருந்தன.

"எதுல ஏறலாம்?" என்று கேட்டேன்.

"இதைக்கூடவா?" என்று சிரித்துவிட்டு, ராஜம் கடைசிப் பெட்டியை நோக்கி நடந்தாள்.