வடக்குப் பிரிவின் வெற்றிடம்

வுப்பர்டால் நகரத்து மண்டபம் ஒன்றின் சுவரில் நாங்கள் ஒட்டிவைத்த வெள்ளைத் தாள் இன்றும் என் கண்முன் வந்து அமைதியைக் கெடுக்கிறது. அதன் இடப்பக்கம் மேற்குப் பிரிவு. வலப்பக்கம் வடக்குப் பிரிவு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் ஜெர்மனியில் ஆண்டுதோறும் நடத்திவந்த உதைபந்தாட்டப் போட்டியின் அணிகளை அவ்வாறு பிரித்து எழுதியிருந்தோம். போர் நிறுத்தம் நிலவிய இரண்டாயிரங்களின் முற்பகுதி அது. வடக்குப் பிரிவிலிருந்த ஒரு கல்லூரியின் அணி அவ்வாண்டு மேற்குப் பிரிவுக்கு மாறிக்கொள்ள, வடக்கில் ஓரிடம் வெறுமையாயிற்று. அதற்கு எந்தப் பள்ளியைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கவே கூடியிருந்தோம்.

நான் செயலாளர். எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று நான் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பக்கம் சாராதிருக்கவே சொல்லாதிருக்கிறேன் என்று எண்ணி, அதற்காகவே என்னைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். உண்மையில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எஞ்சிய தமிழைப் பழைய பத்திரிகைகளிலிருந்து கற்றுக்கொண்டவன்.

விண்ணப்பித்தவை இரண்டு. ஒன்று பெயர்பெற்ற கல்லூரி. மற்றது கடற்கரையோரச் சிறு பள்ளி. அதன் கட்டடங்கள் இராணுவ வேலிக்குள் அகப்பட்டுக்கொள்ள, வேறொரு கல்லூரியின் பின்வளவில் கொட்டில்களில் இயங்கிவந்தது. அதன் சார்பில் வந்தவர் ஹம்பேர்க் துறைமுகக் களஞ்சியமொன்றில் வேலை செய்தவர். நாற்பது வயதைக் கடந்த அவரை எல்லோரும் கப்டன் என்றே அழைத்தோம்.

"உங்களிட்டைச் சரியாப் பதினொரு பேர்தான் இருக்கினம். ஒருத்தனுக்குக் கால் சுளுக்கினால் என்ன செய்வியள்?" என்று பெயர்பெற்ற கல்லூரிக்காரர் சீண்டினார்.

"நான் இறங்குவன். வயித்தை மட்டும் கோட்டுக்கு வெளியில விட்டிட்டு வாறன்," என்றார் கப்டன். மண்டபம் சிரித்தது.

புதிதாகச் சேரும் பள்ளி, ஆட்டக்காரர்கள் தன்னிடம் படித்தவர்களே என்று ஊரிலுள்ள அதிபரிடமிருந்து முத்திரையிட்ட கடிதம் பெற்றுவர வேண்டும் என்பது எங்கள் விதி. கப்டன் கடிதத்தை நீட்டினார். பதினொரு பெயர்களும் அதிபரின் கையொப்பமும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் முத்திரை, இடங்கொடுத்த கல்லூரியினுடையது.

"அண்ணை, எங்கட முத்திரை வேலிக்கு உள்ளை கிடக்குது. எடுக்க ஏலாது. இடம் இரவல், முத்திரையும் இரவல். படிச்சது மட்டும் நாங்கள்."

கடிதத்தை இருமுறை வாசித்தேன். பின்னர், விதிப்படி இவர்கள் முத்திரைக்குரிய கல்லூரியின் மாணவர்களாகவே கொள்ளத்தக்கவர்கள் என்று தீர்ப்பளித்தேன். அந்த வாக்கியத்தின் அமைப்பில் எனக்கு அப்போது சிறிது பெருமையும் இருந்தது. வெற்றிடத்தில் பெயர்பெற்ற கல்லூரியின் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

பிற்பகலில் புகையிரத நிலையத்தில் கப்டனும் நானும் ஒரே மேடையில் நிற்க நேர்ந்தது. விலகிப்போக நினைத்தேன், அதற்குள் அவர் கண்டுவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "குறை நினையாதேங்கோ. பிள்ளையளுக்குக் காட்ட எங்கட பள்ளிக்கூடத்தின்ர ஒரு படமும் இல்லை, அண்ணை. அந்தத் தாளில எண்டாலும் பேர் இருந்திருக்கும்," என்றார். பிறகு, "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

நான் ஒரு பெரிய கல்லூரியின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதற்கு இருபதாண்டுகளாக விடை தேடுகிறேன்.

இன்று அப்பிரிவுகள் இல்லை. பேரப்பிள்ளைகள் தாங்கள் வாழும் நகரங்களின் பெயரால் ஆடுகிறார்கள். எவரிடமும் எவரும் கடிதம் கேட்பதில்லை. கப்டன் இலண்டனுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவருக்கு எழுதத் தொடங்கிய மடல்கள் எல்லாம் முதல் வரியோடு நின்றுபோயின. அன்று மேடையில் அவர் முகம் மலர்ந்த விதம்தான் என்னை இருக்கவிடாது எழுப்பிவிடுகிறது.

"உங்கட ஆக்கள் எங்கட மைதானத்துக்கு வந்து ஆறு கோல் அடிச்சவை. நாங்கள் ஒண்டு. அந்த ஒண்டு நான் அடிச்சது. நீங்கள் அண்டைக்கு வந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

அவர் என் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "அப்ப எங்கட பள்ளிக்கூடத்தைக் கண்டிருக்கிறியள்," என்றார்.