அவுன்ஸ் கிளாஸில் டிக்காஷன்

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மூன்று நர்சிங் மாணவிகளைப் பார்த்தேன். கையில் காகிதக் கோப்பையில் காபி, மடியில் நோட்டு. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காபி வாசனை என் பக்கம் வந்ததும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஓய்வு பெற்ற நர்சுக்குக் காபி ஆகாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே குடிப்பேன். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் கையில் அதைப் பார்க்கத்தான் முடியாது.

நான் படித்தபோது விடுதி அறையில் என்னுடைய பித்தளை ஃபில்டர் ஒன்று இருந்தது. அறைத்தோழி அலமேலு கல்வராயன் மலைக்காரி. அவள் ஊரிலிருந்து நர்சிங் படிக்க இறங்கி வந்த முதல் பெண். காபி அவளுக்குப் புதிது. புத்தகத்தைத் திறந்தாலே தூங்கிவிடுவாள். முதல் வருடப் பரீட்சை நெருங்கியதும் பெரிய டாக்டர் கணக்காக நான் ஒரு மருந்துத் தாள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெயர், அலமேலு. மருந்து, காபி டிக்காஷன். அளவு ஒரு அவுன்ஸ், நாளைக்கு நான்கு வேளை. கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து வேறு. மருந்து அளக்கும் அவுன்ஸ் கிளாஸில் அளந்து, பாலில் கலந்து கொடுப்பேன். குடித்துவிட்டுத் தாளில் டிக் போடுவாள். விடுதியே சிரித்தது. மாதிரித் தேர்வில் அவள் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

அப்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. பரீட்சையைத் தேதி சொல்லாமல் தள்ளி வைத்தார்கள். அப்பா ரிஷிவந்தியத்திலிருந்து சைக்கிளில் வந்தார், மரம் கிடந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு. என்னை அழைத்துப் போனார். மலைக்குச் சைக்கிளில் போக முடியுமா? அலமேலு விடுதியிலேயே தங்கினாள். "தூள் டப்பா அலமாரில இருக்குதுடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறியல் ஓய்ந்து நான் திரும்பி வந்தபோது தாள் நிறைந்து, ஓரமெல்லாம் டிக். அவள் கண்கள் குழி விழுந்திருந்தன. விரல்கள் நடுங்கின.

"இன்னாடி இது, இன்னமுமா குடிச்சிக்கினு இருக்கற?"

"நீ நிறுத்தச் சொல்லலியே."

அவள் விளையாடவில்லை. எழுதியவர் கோடு போட்டு நிறுத்தும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்பது எங்களுக்கு வார்டில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். பால் வராததால் வெறும் டிக்காஷன். சாப்பாடும் அரைகுறை.

செய்முறைத் தேர்வு மறுநாள் காலையே வந்துவிட்டது. தேர்வாளர் அம்மா சிரிஞ்சில் மருந்து ஏற்றச் சொன்னார். ஊசி, குப்பியின் ரப்பர் மூடியில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை அலமேலுவின் விரலில் ஏறியது.

"ஊசி புடிக்கவே பயப்படுறா. வார்டுல எப்படிம்மா நிப்பா?"

பயமில்லை, காபி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் அடுத்தது நான். வாயைத் திறந்தால் என் மதிப்பெண்ணும் போய்விடும் என்று பேசாமல் நின்றேன். அதற்குக் கோழைத்தனம் என்றுதான் பெயர்.

நான் தேறினேன். அலமேலுவின் அப்பா வந்து தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "படிச்ச வரைக்கும் போதுங்க" என்று வார்டனிடம் சொன்னார். பஸ் ஏறும்போது அலமேலு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "என் கைக்கு இந்த வேலை ஆவாதுடி" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து நடந்த மறுதேர்வுக்கு அவள் வரவில்லை.

விடுதி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். அந்தப் புளியமரங்கள் இருந்த சாலையில் நிழலே கிடையாது. நான் ஓய்வு பெறும் முன்பே வார்டில் மருந்துத் தாளும் போய்க் கணினி வந்துவிட்டது. அலமேலுவின் தாளை, அவள் பஸ் ஏறிய அன்று மாலையே நான் கிழித்து, விடுதி அடுப்பில் போட்டேன், யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று. எரியும் வரைக்கும் அதில் நான் கோடு போடவில்லை.