மேலே ஒன்று, கீழே ஒன்று

அமானுஷ்யம் என்ற சொல்லை நான் மேடையில் ஒரே பொருளில்தான் பயன்படுத்தி வந்தேன்: எதிரணியிடம் ஆதாரம் தீர்ந்துபோன இடம். பேயைக் கண்டேன் என்று சொன்னவர் எவரும் என் குறுக்குக் கேள்விகளுக்கு நெடுநேரம் தாக்குப்பிடித்ததில்லை. இதை வாசிக்கும் நீங்களும் என்னை அப்படியே மடக்கப் பார்ப்பீர்கள். பாருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தபோது பகல் வெளிச்சம் இருந்தது, ஜன்னல்கள் திறந்திருந்தன, காலையிலிருந்து நான் கோப்பியைத் தவிர வேறெதுவும் குடித்திருக்கவில்லை.

நான் லைப்சிக்கில் சட்டம் படிக்கிறேன். ஜெர்மனியில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளி மேடையில் சிறுவயதில் ஏறி, பேச்சுப் போட்டியும் விவாதமுமாக வளர்ந்தேன். வென்ற கேடயங்களை அடுக்க அம்மா அலுமாரியில் ஒரு தட்டையே ஒழித்துத் தந்தார். சொற்களை நான் ஆள்வேன், சொற்கள் என்னை ஆண்டதில்லை என்ற செருக்கு எனக்கு உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

அம்மா யாழ்ப்பாணத்தார். அவருடைய குடும்பத்தில் ஒரு கதை வழிவழியாக வருகிறது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவர்களிடம் வேலை செய்ய, ஒரு ஜெர்மன் கொல்லர் மனைவி மக்களோடு கப்பலேறி யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்தாராம். அவருடைய கடைசி மகன் யோகான், கப்பலேறியபோது கைக்குழந்தை. வீட்டுக்குள் ஜெர்மனும் தெருவில் தமிழுமாக வளர்ந்தவர். தச்சுவேலை கற்றுக் கொண்டார், மரியாள் என்ற தமிழ்ப் பெண்ணை மணந்தார். ஆட்சி கைமாறிக் குடும்பம் ஊர் திரும்பப் புறப்பட்ட நாளில், அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் தோணிவரை போனவர் ஏறவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் தோணியின் விளிம்பில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாராம். அதனால்தான் அம்மாவின் வீட்டார் உணவு மேசையிலிருந்து எழும்போது, மேற்பலகையில் விரல் முட்டியால் ஒருமுறை தட்டி, பிறகு கையை அடியில் கொடுத்துக் கீழிருந்து ஒருமுறை தட்டுவார்கள். விடைபெறும் முறை அது. பிறர் வீட்டு விருந்துகளில் அம்மா இதைச் செய்யும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்ப்பேன்.

இந்தக் கதையைக் கேட்டு மிகவும் சிரித்தவர் அம்மாவின் அண்ணன், ஹம் நகரில் இருக்கும் என் பெரியமாமா. சென்ற ஈஸ்டர் விருந்தில் முழங்கையை நீட்டிக் காட்டினார்.

"பூட்டன் வெள்ளைக்காரன் எண்டால் எனக்கேன் தங்கச்சி இந்த நிறம்? எங்கட ஐயா மேசையில தட்டினது கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்ல. நீ அதைப் பிடிச்சுக்கொண்டு ஜெர்மன்காரி ஆகப் பாக்கிறாய்."

"சிரியுங்கோ அண்ணை," என்றார் அம்மா.

"நான் மட்டுமே சிரிச்சது? அகதி விசாரணையிலயும் இதைத்தானே போய்ச் சொன்னனீ. எழுதிக்கொண்டிருந்த மனுசன் பேனையை வைச்சிட்டெல்லோ சிரிச்சவன்."

மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்தக் கொல்லன்ர ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. பார், விசாரி. பொய் எண்டு நீ சொன்னியெண்டால் நான் ஏற்பன். பிறகு இந்தக் கதை என்ர வாயில வராது."

"உங்களுக்குச் சார்பாத் தீர்ப்புச் சொல்லுவன் எண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லை. அதுக்காகத்தான் உன்னைக் கேக்கிறன்."

அந்தக் கதையை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் இன்று அம்மா ஒருவர்தான். அவர் வாயை மூடினால் யோகானின் வாழ்வு அங்கேயே முடிந்தது. முடித்துவைக்கும் பொறுப்பை அம்மா என் கையில் கொடுத்திருந்தார்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். லைப்சிக்கிலிருந்து தெற்கே, ரயிலும் பேருந்துமாக, மலையடிவாரத்து ஊர். வழியெல்லாம் நான் ஐயங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். கொல்லரின் ஊர் என்று அம்மா சொல்லும் அதே பெயரில் ஜெர்மனியில் வேறு ஊர்களும் உண்டு. இந்த ஊர்த் தேவாலயத்தின் பழைய பதிவேடுகள் எப்போதோ தீயில் போய்விட்டன என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். பிறகு எதைக் கொண்டு நிரூபிப்பது?

ஊரில் திறந்திருந்தது ஒரு விடுதிதான். உள்ளே போனதும் அம்மா ஜன்னலோரத்துப் பெரிய மேசையில் போய் அமர்ந்தார். இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும், அந்த மேசையில் அந்நியர் உட்காரக் கூடாது. ஊரின் பழைய வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கியது அது.

"அம்மா, அது ஊராக்களின்ர மேசை. அதில இருக்கேலாது."

"நாங்களும் ஊராக்கள்தானே," என்று அம்மா கைப்பையை மேசைமேல் வைத்தார்.

விடுதியை நடத்துபவர் பிரிகிட்டே, அறுபது வயதுக்காரர். எங்களை எழுப்பாமல் சூப்பைக் கொண்டு வந்து வைத்தார். அம்மா குடித்து முடித்து, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்தார். வழக்கம்போல மேலே ஒன்று, கீழே ஒன்று தட்டிவிட்டு வெளியே போனார். கிண்ணங்களை எடுக்க வந்த பிரிகிட்டே அப்படியே நின்றுவிட்டார். அவர் ஜெர்மனில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என் அப்பா இப்படித்தான் எழுவார். மேலே மட்டும் தட்டுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கீழேயும் தட்டியவர்கள் எங்கள் ஊர்க் கிழவர்கள்தான்."

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இடம் சொல்லிவைக்க அம்மா முதல் நாள் இவரோடு தொலைபேசியில் பேசியிருந்தார்.

"தட்டுவதைப் பற்றி அம்மா உங்களிடம் முன்பே சொன்னாரா?"

"சொல்லியிருக்கலாம். உன் அம்மா சொல்லாமல் விட்டது எது என்றுதான் எனக்குத் தெரியாது."

சாட்சியம் அங்கேயே கலைந்தது. விருந்தாளியை மகிழ்விக்க விடுதிக்காரர் சொல்லும் இதமான பொய்யாக அது இருக்கலாம். நீதிமன்றத்தில் நிற்காது.

மாடியில் பழைய நடன மண்டபமும் மேடையும் இருப்பதாகவும் விரும்பினால் பார்க்கலாம் என்றும் பிரிகிட்டே சொன்னார். மேடை என்று கேட்டபின் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கில்லை. ஏறினேன். நீண்ட வெற்று மண்டபம். மேடை நடுவே ஒரு சிறிய மர மேசை, மேலே தூசி. ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் பிரிகிட்டே படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்பால் கல்லறைகளுக்கிடையே அம்மாவின் நீலச் சேலை தெரிந்தது. அந்த வீட்டில் எங்களைத் தவிர வேறு விருந்தினர் இல்லை.

அம்மாவிடம் சொல்லப்போகும் தீர்ப்பை அங்கேயே ஒத்திகை பார்த்தேன். இடது உள்ளங்கையை மேசைமேல் ஊன்றினேன். அது என் மேடை வழக்கம். வெற்று மண்டபத்துக்கு அவை வணக்கம் சொன்னேன். நிலைநிறுத்தப்படாத ஒன்றை நம்புவது அன்பாகலாம், அறிவாகாது என்றேன். யோகான் என்றொருவர் வாழ்ந்திருந்தால், பெற்றவர்களைத் தோணியில் ஏற்றிவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பியவரை எதற்காக நினைக்க வேண்டும் என்று கேட்டேன். வாழவில்லை என்றால் நினைக்க ஒன்றுமே இல்லை. ஆகவே, அவையோரே, என்று குரலை உயர்த்தினேன்.

மேசையின் அடியிலிருந்து ஒரு தட்டு வந்தது. காதுக்கு முன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மரத்தின் மறுபுறம் ஒரு விரல் முட்டி சரியாக என் கையின் நடுவே படுவதுபோல இருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மேலே, என் விரல்களை ஒட்டி, இன்னொன்று. அந்த இடத்தில் தூசி எழுந்து அடங்கியதைப் பார்த்தேன்.

நம்பாதீர்கள். நானும் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன். நான்கு கால்களும் ஒரு பலகையும்தான். இழுப்பறைகூட இல்லை. வெப்பக் குழாய்கள் சுவரோரம் குளிர்ந்து கிடந்தன. ஜன்னலுக்கு ஓடினேன். பிரிகிட்டே அங்கேயே, இரண்டு கைகளிலும் ஒரு விரிப்பு. அம்மா அங்கேயே, ஒரு கல்லறைக்கு முன் குனிந்திருந்தார். திரும்பி வந்து, மேடையில் குறுக்கிடுபவரிடம் சொல்வதைப் போல, "கேள்வி இருந்தால் எழுந்து நின்று கேளுங்கள்" என்றேன். பதில் வரவில்லை. நன்றி வணக்கம் சொல்லாமல் நான் இறங்கிய ஒரே மேடை அது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சாட்சிக்கு விடையை ஊட்டக் கூடாது என்று படித்தவள் நான். வேறு வழியாகக் கேட்டேன்.

"அம்மா, தட்டேக்க எப்பவும் மேலதானோ முதல்?"

"போகேக்க மேல முதல்."

"அப்ப வேற எப்ப?"

"வரேக்க. அப்ப கீழ முதல், பிறகு மேல. ஆனா அப்பிடி ஒருத்தரும் தட்டி நான் காணேல்ல. கடல் கடந்து போன ஆள் திரும்பி வந்தால்தான் அப்பிடித் தட்டலாமாம். ஐயா எனக்கொருக்காச் சொன்னவர்." அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "எங்கட வீட்டில ஆர் அப்பிடி வந்தது? ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

சிறுவயதில் இதை எனக்குச் சொல்லியிருக்கிறாரா என்று வேறு வேறு விதமாக விசாரித்தேன். இல்லை என்றார். இரவில் பெரியமாமாவுக்கு அழைத்துக் கேட்டேன். நான் சட்டம் படிக்கத் தொடங்கியதிலிருந்து அவருக்கு நான் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர்.

"வரேக்க தட்டுறதோ? அப்பிடி ஒண்டும் எனக்குத் தெரியாது, அப்புக்காத்து அம்மா. வரேக்க நாங்கள் சட்டிக்குள்ள என்ன கறி எண்டுதான் பாத்தனாங்கள்."

அம்மா அந்த நொடியில் இட்டுக்கட்டியிருப்பாரோ என்றும் ஐயுற்றேன். ஆனால் நான் கேட்ட தட்டு எந்த வரிசையில் வந்தது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அம்மாவின் பிறந்தநாளன்று ஹம்மில் எல்லாரும் கூடினார்கள். பெரியமாமா கரண்டியால் குவளையைத் தட்டி, தீர்ப்பு வரட்டும் என்றார். எழுந்தேன்.

"ஆதாரம் ஒண்டும் கிடைக்கேல்ல."

அம்மா தலை குனிந்து தட்டிலிருந்த கேக்கைப் பார்த்தார்.

"ஆனா பொய் எண்டு நான் சொல்ல மாட்டன். அம்மா கதையைச் சொல்லட்டும்."

"இதென்ன தீர்ப்பு? வெண்டதோ, தோத்ததோ?" என்றார் பெரியமாமா.

காரணம் சொல்லாமல் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கொல்லர் கப்பலேறிய இடத்திலிருந்து கதையைத் தொடங்கினார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கடல் கடந்து திரும்பி வந்தவர் எங்களோடு ரயிலில் வந்தாரா, எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தாரா, எனக்குத் தெரியாது. இப்போது மேடையில் நான் மேசையைத் தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுகிறேன். உடல்மொழி இறுகியிருக்கிறது என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். குறைக்கட்டும். இன்னொரு முறை கீழிருந்து தட்டினால் நான் அஞ்ச மாட்டேன். அவர் மேலே முதலில் தட்டி விடைபெற்றுவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.